மெல்பேர்ன் மச்சான் அனுப்பிய காளான் செய்தி: எப்படி வாசிப்பது, வாசித்துவிட்டு என்ன செய்வது

போன வருடம் ஒரு பின்னேரம், மெல்பேர்னில் இருக்கிற மச்சானிடமிருந்து எங்கள் குடும்ப வட்ஸ்அப் குழுவுக்கு ஒரு வொய்ஸ் வந்தது. "இங்க டிப்ரெஷனுக்குக் காளான்ல இருந்து எடுத்த மருந்து குடுக்கிறாங்க. ஒருதரம் எடுத்தாப் போதுமாம். மாமாக்கு இனி அந்தக் குளிசையெல்லாம் தேவப்படாது போல." கூடவே ஒரு இங்கிலிஷ் செய்தியின் லிங்க். பத்துப் பேர் கைகூப்புகிற படம் போட்டார்கள், ஒருவரும் லிங்கைத் திறக்கவில்லை. நானும்தான்.

மாமா அந்தக் குழுவில் இல்லை. ஆனால் மாமியின் போனில் வருவதெல்லாம் அவர் காதில் விழும். ஐந்தாம் நாள் மாமி மட்டக்களப்பு கல்லடியிலிருந்து கோல் எடுத்தா: "மனே, மாமா மூணு ராவா நித்திரை இல்ல. தலைக்குள்ள கரண்ட் அடிக்கிற மாதிரி இருக்காம்." போய்ப் பார்த்தால் அலுமாரிக்கு மேலே இருக்கிற பழைய பிஸ்கட் டின்னுக்குள், மாமி கத்தரிக்கோலால் நாளுக்கு ஒன்றாக வெட்டிவைத்த குளிசைத் துண்டுகள் ஐந்து அப்படியே கிடந்தன.

மாமா நாவலடியில் இருந்தவர். 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு அவர் பழைய மாமா இல்லை. அதற்கு மேல் அவரைப் பற்றி இங்கே எழுதுவது சரியில்லை. நான் வைத்தியரும் இல்லை, மாதத்துக்கு ஒருக்கா அவரைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போய் வாங்கில் காத்திருக்கிற மருமகன், அவ்வளவுதான். அந்தக் காத்திருப்புகளில்தான் இந்த மருந்துகளைப் பற்றித் தேடித்தேடி வாசித்தேன். உங்கள் குழுவுக்கும் இப்படி ஒரு லிங்க் வந்திருக்கும், அல்லது நாளைக்கு வரும். வந்தால் இப்படிச் செய்து பாருங்கள்.

லிங்கைத் திறக்க முன்னம்

வீட்டில் யாராவது மனநலக் குளிசை எடுக்கிறார் என்றால், செய்தி அவர் காதில் விழுந்துவிட்டதா என்று முதலில் பாருங்கள். விழுந்திருந்தால் குளிசையை எண்ணுங்கள். கிளினிக் கொப்பியில் உள்ள திகதி, அன்று தந்த எண்ணிக்கை, டின்னில் மிச்சம் இருப்பது, இந்த மூன்றையும் வைத்துக் கணக்குப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். "நிறுத்திட்டீங்களா" என்று கேட்டுப் பிரயோசனமில்லை. மாமாவும் இல்லை என்றுதான் சொன்னார்.

மனச்சோர்வுக்குத் தருகிற குளிசைகள் பலவற்றைத் திடீரென்று விட்டால் தலைசுற்று, நித்திரையின்மை, எரிச்சல், வயிற்றைப் பிரட்டுவது, மாமா சொன்ன அந்தக் கரண்ட் அடி எல்லாம் வரலாம். குளிசைக்குப் பழகிய உடம்பு அது இல்லாமல் தடுமாறுகிறது. இதைத் தெரியாத சனம் "பாத்தியா, குளிசைதான் ஆளைப் பழுதாக்கிப் போட்டுது" என்று முடிவு கட்டும், பிறகு திரும்ப எடுக்க வைக்கிறது பெரிய பாடு. விட்ட நாட்களுக்கும் சேர்த்து ஒரேயடியாக விழுங்கக் கொடுக்கவும் வேண்டாம். கொப்பியையும் டின்னையும் எடுத்துக்கொண்டு கிளினிக் நாள் வரும்வரை பார்த்திராமல் போய்விடுங்கள். நாங்கள் அடுத்த நாள் விடியவே போனோம்.

மச்சான் சொன்ன காளான் மருந்தைச் சோதித்த பெரிய ஆய்விலேயே ஒருவரும் குளிசையைத் தூக்கி எறிந்துவிட்டு வரவில்லை. வைத்தியர் கண்காணிக்க, கொஞ்சம் கொஞ்சமாக அளவைக் குறைத்து, முற்றாக விட்டுக் குறைந்தது இரண்டு வாரம் கழித்துத்தான் அந்த மருந்தைக் கொடுத்தார்கள். தனக்கோ நெருங்கிய இரத்த உறவுக்கோ மனப்பிறழ்வு நோய் இருந்தவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள், இருமுனை நோய் உள்ளவர்களையும் அப்படித்தான். மனநிலையின் ஏற்ற இறக்கத்துக்குத் தருகிற லித்தியத்தை எடுக்கிறவர்கள் இந்த வகை மருந்தை எடுத்து வலிப்பு வந்த சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன. லித்தியம் எங்கள் கிளினிக்குகளிலும் சாதாரணமாகத் தருகிற மருந்துதான், கொப்பியைப் பார்த்தால் தெரியும்.

"புதிய கண்டுபிடிப்பு" என்று போட்டிருந்தால்

சரி, இனி லிங்கைத் திறக்கலாம். அநேகமாக முதல் வரியிலேயே "புதிய", "புரட்சிகரமான" என்று இருக்கும். அந்த இடத்தில் நிற்க வேண்டும், ஏனென்றால் இது எழுபது வருடப் பழைய கதை. அந்தக் கதை தெரிந்தால் பாதிச் செய்தி தானாக விளங்கும்.

ஹம்ப்ரி ஒஸ்மண்ட் என்று ஒரு இங்கிலாந்து மனநல வைத்தியர். 1951-இல் கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில், வேபர்ன் என்கிற சின்ன ஊரில் இருந்த பெரிய மனநல வைத்தியசாலைக்கு வந்து சேர்ந்தார். அதே மாகாணத்தில் இருந்த ஏப்ராம் ஹொஃபர் என்கிற இன்னொரு மனநல வைத்தியரோடு சேர்ந்து, காளான் மருந்தைப் போலவே காண்பதையும் நினைப்பதையும் மாற்றிப்போடுகிற எல்.எஸ்.டி. என்ற மருந்தைக் குடிநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். அப்போது அது தெருவில் விற்கிற சாமானாகவில்லை. சுவிட்சர்லாந்தில் சாண்டோஸ் கம்பெனியில் அல்பேர்ட் ஹொஃப்மன் 1938-இல் தயாரித்து, 1943-இல் தன் உடம்பிலேயே அதன் வேலையைக் கண்டுபிடித்த பொருள். கம்பெனியே அதை ஆய்வு செய்கிற வைத்தியர்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது.

ஏன் குடிகாரருக்கு? குடிகாரர் இருக்கிற வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். நாள்பட்டுக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் கை நடுங்கும், வேர்க்கும், சுவரில் பூச்சி ஓடுகிறது என்று கையால் தட்டிக்கொண்டிருப்பார். (இது உயிர் போகக்கூடிய நிலை. கசிப்போ சாராயமோ, அதிகம் குடிக்கிறவரை வீட்டில் பூட்டிவைத்து நிறுத்த வைக்கப் பார்க்காதீர்கள், வைத்தியசாலைக்குக் கொண்டுபோய்த்தான் நிறுத்த வேண்டும்.) அந்த நடுக்கத்தில் கண்ட பயங்கரத்தால் சிலர் குடியை அடியோடு விட்டுவிடுவதை ஒஸ்மண்டும் ஹொஃபரும் கவனித்திருந்தார்கள். அப்படியென்றால் எல்.எஸ்.டி.யைக் கொடுத்து அதே பயத்தை ஆபத்தில்லாமல் உண்டாக்கலாமே என்பதுதான் அவர்கள் போட்ட கணக்கு. சுருக்கமாகச் சொன்னால், பேயைக் காட்டிக் குடியை விடவைப்பது.

கணக்குப் பிழைத்தது. நோயாளிகள் பயந்து நடுங்கவில்லை. தன்னைத் தானே வெளியே நின்று பார்த்த மாதிரி இருந்தது, இவ்வளவு காலமும் செய்தது விளங்கியது என்று பலர் சொன்னார்கள். தாங்கள் பிழையாக நினைத்துவிட்டோம் என்று ஒப்புக்கொண்டு ஒஸ்மண்ட் வழியை மாற்றினார், பயமுறுத்துவதை விட்டுவிட்டு ஆளைத் தயார்ப்படுத்தவும் பக்கத்தில் இருக்கவும் தொடங்கினார். எனக்கு அவரில் மிகவும் பிடித்தது இதுதான். இந்த மருந்துகளுக்கு இங்கிலிஷில் இன்று எல்லோரும் சொல்கிற 'சைக்கடெலிக்' என்ற பெயரும் அவர் வைத்ததே, 1956-இல் எழுத்தாளர் அல்டஸ் ஹக்ஸ்லிக்கு எழுதிய கடிதத்தில். மனதில் இருப்பதை வெளியே காட்டுவது என்று அர்த்தம் வரும்படி கிரேக்கச் சொற்களைச் சேர்த்துச் செய்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கியோ இசுமி என்ற கட்டடக் கலைஞர் ஒஸ்மண்டின் ஏற்பாட்டில் எல்.எஸ்.டி. எடுத்துக்கொண்டு பழைய மனநல வைத்தியசாலைகளுக்குள் நடந்து பார்த்தார், மனம் குழம்பிய ஒருவருடைய கண்ணுக்கு அந்தச் சுவரும் நடைபாதையும் எப்படித் தெரியும் என்று அறிய. பிறகு அவர் வரைந்த புதிய வைத்தியசாலையில் பெரிய வார்ட்டுகளுக்குப் பதிலாக ஆளுக்கொரு சின்ன அறை வைத்தார். எங்கள் பக்கத்தில் வார்ட் கட்டுகிறவர்கள் எல்.எஸ்.டி. எடுக்க வேண்டாம், ஒரு இரவு அங்கே படுத்து எழும்பினாலே போதும்.

வேபர்ன் பக்கத்திலிருந்து வந்த அறிக்கைகள் ஏறக்குறைய பாதிப் பேர் குடியை விட்டார்கள் என்றன. உடனே தலையாட்டக் கூடாது. ரொறன்ரோவில் வேறு ஆய்வாளர்கள் 30 பேரை வைத்துச் சோதித்தார்கள். பத்துப் பேருக்கு எல்.எஸ்.டி., பத்துப் பேருக்கு எபெட்ரின் என்ற உடம்பை உசுப்புகிற வேறு மருந்து, பத்துப் பேருக்கு மருந்தே இல்லை. வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை என்றார்கள். ஆனால் அந்த ஆட்களைப் பட்டியால் கட்டிலோடு கட்டி வைத்துத்தான் மருந்து கொடுத்தார்கள். ஒஸ்மண்ட் பக்கத்தார் அதைக் கேட்டுக் கொதித்தார்கள்: கட்டிவைத்துக் கொடுத்தால் எவனுக்குத்தான் ஞானம் வரும்? இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க ஆள் இல்லாமல் சொன்ன கணக்கை நம்ப ஏலாது, ஆளைக் கட்டிவைத்துச் செய்த சோதனையையும் நம்ப ஏலாது. 2012-இல் பழைய ஆறு ஆய்வுகளை, மொத்தம் 536 பேர், ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது எல்.எஸ்.டி. பெற்றவர்களில் 59 வீதமானோர் தேறியிருந்தார்கள், மற்றவர்களில் 38 வீதம். ஒரு வருடம் கழிய அந்த வித்தியாசம் உறுதியாகத் தெரியவில்லை.

இதே ஒஸ்மண்டும் ஹொஃபரும் நியாசின் விற்றமினைப் பெரிய அளவில் கொடுத்தால் மனச்சிதைவு நோய் தேறும் என்றும் சொன்னவர்கள். அமெரிக்க மனநல வைத்தியர் சங்கம் அமைத்த குழு 1973-இல் அதற்கு ஆதாரமில்லை என்று கைவிரித்தது. ஒரே ஆட்கள், ஒரே உற்சாகம், ஒன்றில் ஏதோ இருந்தது, மற்றதில் இல்லை. செய்தியில் "முன்னணி வைத்தியர் கூறுகிறார்" என்று வந்தால் எனக்கு இப்போது அந்த விற்றமின்தான் ஞாபகம் வரும்.

செய்தியில் குளிசையை அல்ல, மணித்தியாலத்தை எண்ணுங்கள்

இந்தப் பகுதிக்காகத்தான் இவ்வளவும் எழுத வந்தேன். "ஒரு குளிசை போதும்" என்று செய்தி சொல்லும். அந்தக் குளிசையைச் சுற்றி எத்தனை பேர், எத்தனை மணித்தியாலம் இருந்தார்கள் என்பது செய்தியின் அடியில் எங்கேயாவது ஒரு வரியில் கிடக்கும், அல்லது கிடக்காது. அதைத் தேடிப் பிடியுங்கள்.

மைக்கல் மித்தோஃபர் என்கிற அமெரிக்க மனநல வைத்தியர் 2004-இல் தென் கரோலைனாவின் சார்ல்ஸ்டன் நகரில் எம்.டி.எம்.ஏ. என்ற மருந்தை (இது காளான் மருந்து இல்லை, ஆனால் இதையும் பக்கத்தில் ஆள் இருந்துதான் கொடுப்பார்கள்) மனவடு உள்ளவர்களுக்குக் கொடுத்துச் சோதிக்கத் தொடங்கினார். வன்முறை, போர், விபத்து இதையெல்லாம் கண்டு, வருடக்கணக்காகக் கெட்ட கனவோடும் திடுக்கிடலோடும் இருக்கிறவர்கள். எங்கள் பக்கத்தில் இதற்கு விளக்கம் தேவையில்லை. 2011-இல் வந்த அவருடைய முதல் ஆய்வில் இருந்தது 20 பேர். மருந்து பெற்ற 12 பேரில் 10 பேர் நன்றாகத் தேறினார்கள், மருந்தில்லாத வெறும் குளிசை பெற்ற 8 பேரில் 2 பேர். அதிலிருந்து வளர்ந்துதான் பெரிய ஆய்வுகள் வந்தன.

அந்தப் பெரிய ஆய்வுகளில் ஒரு ஆளுக்கு என்ன செய்தார்கள் என்று கொப்பியில் எழுதிக் கூட்டிப் பார்த்தேன். மருந்து கொடுத்து எட்டு மணித்தியாலம் பக்கத்தில் இருப்பது, மூன்று தடவை: 24. அதற்கு முன்னம் தயார்ப்படுத்த ஒன்றரை மணித்தியாலச் சந்திப்பு மூன்று. பிறகு, கண்டதையும் அழுததையும் உட்கார்ந்து கதைத்துச் சீராக்க அதே ஒன்றரை மணித்தியாலம் ஒன்பது தடவை. எல்லாம் சேர்த்து 42 மணித்தியாலம். ஒவ்வொரு தடவையும் இரண்டு சிகிச்சையாளர்கள், ஆகவே ஆள்கணக்கில் 84. ஒரு நோயாளிக்கு! மாமாவோடு விடிய ஆறு மணிக்கு நம்பர் எடுத்துப் பதினொன்றரைக்கு உள்ளே போய், சில நிமிடங்களில் வெளியே வருகிறோம். வைத்தியரில் பிழையில்லை, வெளியே வாங்கில் அவ்வளவு பேர்.

2023-இல் வெளியான இரண்டாவது பெரிய ஆய்வில் 104 பேர். மருந்தோடு இந்த 42 மணித்தியாலத்தையும் பெற்றவர்களில் 71.2 வீதமானோருக்கு முடிவில் நோய் என்று சொல்கிற அளவு இல்லாமல் போனது. இந்த எண்தான் தலைப்பில் வரும். மற்றப் பக்கத்தை யாரும் தலைப்பில் போடுவதில்லை: வெறும் குளிசையோடு அதே 42 மணித்தியாலம் பெற்றவர்களில் 47.6 வீதம். ஏறக்குறையப் பாதிப் பேர், மருந்தே இல்லாமல். இதை முதன்முதலாக வாசித்தபோது கிளினிக் வாங்கில் இருந்து எழும்பி வெளியே வந்து ஒரு பிளேன்டி குடித்தேன்.

சுற்றியிருப்பது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை எங்கள் ஊர்க்காரருக்கு விளங்கப்படுத்துவது சுகம். வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில் சடங்கைப் பாருங்கள். தெய்வம் ஆடுகிறவர் சும்மா ஒரு செவ்வாய்க்கிழமை சந்தையில் நின்று ஆடுவதில்லை. நோன்பு இருக்கிறார். கதவு திறக்கிறார்கள். உடுக்குச் சத்தம், வேப்பிலை, காவியம் பாடுகிறவர்கள், விழுந்தால் தாங்கிப் பிடிக்கத் தெரிந்த ஆட்கள். முடிவில் குளுத்தி, எழும்பினதை எல்லாம் குளிரப்பண்ணித்தான் ஆளை வீட்டுக்கு அனுப்புவார்கள். ஆய்வாளர்களும் ஏறக்குறைய அதைத்தான் செய்கிறார்கள்: போகிற மனநிலை, இருக்கிற இடம், கூட இருக்கிற ஆள், பிறகு குளிரவைப்பது. (இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை, சடங்கு நடத்துகிற கட்டாடியார் யாரும் என்னோடு சண்டைக்கு வர வேண்டாம்.) குளுத்தி இல்லாமல் சடங்கை இடையில் விட்டுப்போனால் என்ன ஆகும் என்று பெரியவர்கள் பயப்படுவார்களோ, அதே பயம்தான் யாரோ ஒருவர் பையில் கொண்டுவருகிற காளானை எடுக்கிறவரைப் பற்றி எனக்கு.

வீதத்தைப் பஸ்ஸில் ஏற்றுங்கள்

வீதக் கணக்கு தலைக்குள் நிற்காது. ஆட்களாக மாற்றிப் பாருங்கள். 2022-இல் வெளியான சைலோசைபின் ஆய்வு, அதாவது மச்சானின் காளான் மருந்து, 10 நாடுகளில் 233 பேர். எல்லோரும் குறைந்தது இரண்டு வகைக் குளிசை எடுத்தும் மனச்சோர்வு தேறாதவர்கள். மூன்று கூட்டமாகப் பிரித்து 25, 10, 1 மில்லிகிராம் என்று ஒரே ஒரு தடவை கொடுத்தார்கள். 1 மில்லிகிராம் என்பது கொடுக்காததற்குச் சமம்.

இப்போது களுவாஞ்சிகுடிப் பக்கம் போகிற ஒரு நிரம்பின பஸ்ஸை நினையுங்கள், நிற்கிறவர்களோடு 79 பேர். அவர்கள் எல்லோரும் 25 மில்லிகிராம் எடுத்தவர்கள். மூன்று வாரத்தில் 29 பேருக்கு நோயின் பாரம் பாதியாகவோ அதற்கு மேலோ குறைந்தது. பின்னால் வருகிற பஸ்ஸிலும் 79 பேர், இவர்கள் 1 மில்லிகிராம்காரர். அதில் 14 பேர் அப்படித் தேறினார்கள். ஆகவே மருந்தால் கூடுதலாகத் தேறினவர்கள் 15 பேர். அந்த 15 பேரின் வீட்டுக்கு அது பெரிய விடயம், குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் முதல் பஸ்ஸிலேயே 50 பேர் அந்த அளவுக்குத் தேறவில்லை, 12-ஆம் வாரம்வரை விடாமல் தேறியிருந்தவர்கள் அங்கே ஐந்தில் ஒரு பங்கு, பின்னால் வந்த பஸ்ஸில் பத்தில் ஒரு பங்கு. "ஒருதரம் எடுத்தாப் போதும்" என்ற வொய்ஸை இந்தப் பஸ்ஸுக்குள் நின்று கேட்டுப் பாருங்கள். தலையிடி, வயிற்றுப் பிரட்டல், தலைசுற்று முதலான பக்க விளைவுகள் எல்லாக் கூட்டத்தையும் சேர்த்து 77 வீதமானோருக்கு இருந்தன.

இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும்: தனக்கு எது கிடைத்தது என்று ஆளுக்குத் தெரியுமா? காய்ச்சல் மருந்துச் சோதனையில் வெறும் குளிசையை ஒளித்துக் கொடுக்கலாம். இதில் ஏலாது. அரை மணியில் சுவர் மூச்சுவிடுகிறது என்றால் எந்தக் குளிசை என்று சின்னப்பிள்ளைக்கும் தெரியும். கிடைத்தவர் நம்பிக்கையில் தேறுவார், கிடைக்காதவர் ஏமாற்றத்தில் இன்னும் சோர்ந்துபோவார், இரண்டும் எண்ணுக்குள் கலந்துவிடும். எம்.டி.எம்.ஏ.யை அனுமதிக்கச் சொல்லி அமெரிக்காவில் கேட்டபோது, 2024 ஜூனில் மருந்துகளுக்கு அனுமதி தருகிற அரச அமைப்பின் ஆலோசனைக் குழு இதையும் ஒரு காரணமாகப் பிடித்தது. பயன் நிரூபிக்கப்பட்டதா என்ற வாக்கெடுப்பில் 9 பேர் இல்லை, 2 பேர் ஆம். ஆகஸ்டில் அனுமதி மறுத்து இன்னுமொரு பெரிய ஆய்வு கேட்டார்கள். அதற்கு முந்திய ஆய்வு ஒன்றில் சிகிச்சையாளர்கள் நோயாளியிடம் முறைகேடாக நடந்த விடயமும் வெளியே வந்து, ஆய்வுக் கட்டுரைகள் மூன்று திரும்பப் பெறப்பட்டன. எட்டு மணித்தியாலம் மருந்தின் பிடியில் கிடக்கிற ஆளின் பக்கத்தில் யார் இருக்கிறார் என்பது சின்னக் கேள்வி இல்லை.

மச்சான் சொன்னது முழுப் பொய்யா

இல்லை. 2023 ஜூலை 1 முதல் அவுஸ்திரேலியாவில், இதற்கென்று அனுமதி பெற்ற மனநல வைத்தியர்கள் மட்டும், மற்றச் சிகிச்சைகளுக்குத் தேறாத மனச்சோர்வுக்குச் சைலோசைபினையும் மனவடுவுக்கு எம்.டி.எம்.ஏ.யையும் எழுதலாம். அந்தத் 'தேறாத' என்ற சொல்லில்தான் மாமா விழுந்துபோகிறார். அவர் எடுத்தது ஒரே ஒரு வகைக் குளிசை, அதையும் இடையிடையே விட்டு விட்டு. முதல் மருந்தையே முழுசாக எடுத்து முடிக்காதவர் அந்த வரிசையில் நிற்கவே ஏலாது. அங்கே செலவும் பல்லாயிரம் டொலர்.

இலங்கையில் இவை சிகிச்சையாக அனுமதிக்கப்படவில்லை. யாராவது "என்னட்ட இருக்கு, வீட்டுலயே தாறன்" என்று வந்தால் அது மருந்துமில்லை, அவர் வைத்தியருமில்லை, பிடிபட்டால் பொலிஸ் கேஸ். மாரி மழைக்குப் பிறகு படுவான்கரைப் பக்கம் முளைக்கிற காளானைப் பிடுங்கி இதுதான் அதுவாக்கும் என்று பார்க்கிற ஆட்களும் உண்டு. ஈரலைக் கரைத்து ஆளைக் கொல்லுகிற காளான்களும் பார்வைக்கு அப்பாவியாகத்தான் இருக்கும். ஊமத்தையும் இந்தக் கூட்டத்தில் சேராது. அது தருவது விளக்கம் இல்லை, வாய் வறண்டு, நெஞ்சு படபடத்து, யாரோடு கதைக்கிறோம் என்றே தெரியாத விசர். ஊமத்தை நஞ்சு ஏறி வார்ட்டில் கட்டிலில் கிடந்தவரை நான் பார்த்திருக்கிறேன்.

கிளினிக்கில் என்ன கேட்பது

செய்தியை அப்படியே வைத்தியரிடம் நீட்டினால் கதை இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும், அவருக்கு நேரமில்லை. நான் முதல் தரம் அதைத்தான் செய்தேன். "இது இங்க இல்ல தம்பி" என்றார், அடுத்த நம்பரைக் கூப்பிட்டார்கள்.

அடுத்த மாதம் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் முன்கூட்டியே எழுதிக்கொண்டு போனேன். இப்போதைய குளிசை எத்தனை வாரம் எடுத்தால் வேலை செய்ததா இல்லையா என்று தெரியும்? வேலை செய்யாவிட்டால் அடுத்தது என்ன, அளவைக் கூட்டுவதா, வேறு மருந்தா? நித்திரைக்கு என்ன செய்யலாம்? அப்புறம் அந்த 47.6 வீதத்தை மனதில் வைத்துக்கொண்டு கடைசிக் கேள்வி: குளிசைக்கு மேலே, மாமாவோடு உட்கார்ந்து கதைக்க இங்கே யார் இருக்கிறார்? அதுவரை ஒருவரும் அதைக் கேட்டதில்லை போல, வைத்தியர் நிமிர்ந்து மாமாவைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. "கதைக்க விருப்பமா ஐயா?" மாமா பதில் சொல்லவில்லை, தலையை மட்டும் ஒருக்கா ஆட்டினார். உளவளத்துணைக்கு ஒரு துண்டு எழுதித் தந்தார். அது இன்னொரு நாள், இன்னொரு அறை, இன்னொரு வாங்கு, ஆனால் முக்கால் மணித்தியாலம் தருகிறார்கள். உங்கள் வைத்தியசாலையில் அந்த நாள் எது என்று மனநலப் பிரிவில் நேரே கேளுங்கள், நோட்டீஸ் பலகையில் போட்டிருக்கும் என்று நம்ப வேண்டாம். இரவில் நிலைமை மோசமானால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கம் இருக்கிறது, தமிழிலும் கதைக்கலாம். உயிரை மாய்க்கிற கதை வந்தால் போனில் நிற்காமல் ஆளை நேரே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

மச்சானுக்கும் ஒரு வொய்ஸ் போட்டேன், குழுவில் போடாமல் தனியாக. மாமா குளிசையை விட்ட கதையைச் சொன்னேன், பஸ் கணக்கைச் சொன்னேன், 42 மணித்தியாலத்தையும் சொன்னேன். இரண்டு நாள் பதிலில்லை. மூன்றாம் நாள், "நான் என்ன செய்யலாம்டா அங்கேயிருந்து?" என்று கேட்டான். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மாமாவுக்குக் கோல் எடு, அரை மணித்தியாலம், மருந்துக் கதை கதைக்காதே, நாவலடியில் வலை இழுத்த கதையைக் கேள் என்றேன். இப்போது ஏழு வாரம். போன கிழமை அவன் எடுக்கப் பிந்திவிட்டான், மாமா போனைக் கையில் வைத்துக்கொண்டு வாசல் கதிரையில் இருந்தாராம், மாமி சொன்னா.